தலைகீழாக அடுக்கிய ஆரஞ்சுப் பெட்டி

எங்கள் ஊரே ஆரஞ்சால் பிழைக்கிறது. என் நாத்தனார் பழக்கிடங்கில் பெட்டி அடுக்குபவள். ஊரின் பாதி விளைச்சலை வாங்கும் வெளியூர் வியாபாரி, பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைப் பெயர்த்துத்தான் பார்ப்பார். அதனால் அவள் பெரிய பழங்களையெல்லாம் அடியில் அடுக்கினாள். அந்த வருஷம் பார்த்து, மனிதர் மேல்மூடியைத் திறந்துவிட்டார்.

“என்னம்மா இது, ஆரஞ்சா, சுண்டைக்காயா?”

பக்கத்தில் நின்ற கிடங்கு முதலாளி முறைத்த முறைப்பில் அவள் வேலை போனதுபோலத்தான்.

“அண்ணே, நீங்க தலைகீழாத் திறந்துட்டீங்க. எப்பவும்போல கவுத்துப் பாருங்க!”

கவிழ்த்துத் திறந்தார். ஒவ்வொரு பழமும் என் தலையளவு! வியாபாரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“என்னை நல்லாத்தான் எடைபோட்டு வச்சிருக்கே! இனிமே ரெண்டு பக்கமும் பெரிசா அடுக்கு, தாயே.”

அன்றுமுதல் எங்கள் ஊர்ப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் மூடி. நடுவில் என்ன வைக்கிறாள் என்று எனக்கே அவள் சொன்னதில்லை.