முழுப்பெயர், வயது, படுக்கை எண்

ஆஸ்பத்திரியில் என் சித்திக்கு 'ரிஜெக்ட் அக்கா' என்று பெயர். கீழ்த்தளத்து லேபில், மாதிரிகளை வாங்கி வைக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். ரத்தமோ சளியோ சிறுநீரோ, வார்டிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். லேபிளில் முழுப்பெயர், வயது, படுக்கை எண் மூன்றும் இருந்தால் உள்ளே போகும். ஒன்று குறைந்தாலும் 'ரிஜெக்ட்' என்று சிவப்பு முத்திரை. கொண்டுவந்த நர்ஸ் கெஞ்சினாலும் கத்தினாலும் ஒன்றுதான். "யாரோடதுன்னே தெரியாத ரத்தத்துல நோயக் கண்டுபிடிச்சு யாருக்கு மருந்து குடுக்கறது? உனக்குக் குடுத்துடவா?" என்பாள்.

இவ்வளவு கறாரான ஆள் கடவுள் விஷயத்தில் மட்டும் மொத்தக் கொள்முதல் செய்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே காத்திருப்பவர்கள், "எங்க சாமி பேரு இது, நீங்களும் ஒரு வார்த்தை வேண்டிக்குங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சித்தி ஒருவரையும் விடவில்லை. பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள். நான் கல்லூரி முடித்த வருடம் பட்டியலில் நாற்பத்தோரு பெயர்கள் இருந்தன. அதில் ஒன்று நோயாளி சாப்பிட்ட மாத்திரையின் பெயரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே நாற்பத்தொன்றையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். "ஒருத்தர் பிஸியா இருந்தா இன்னொருத்தர் எடுப்பார்."

நான்தான் அதைக் கெடுத்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் தத்துவத்தில். படித்ததை யாரிடமாவது சொல்லியே தீர வேண்டிய அரிப்பு. ஒரு நாள் சித்தி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்: "கடவுளுக்குப் பேரே வைக்க முடியாது சித்தி. எந்தப் பேர் வச்சாலும் அது நம்ம புத்திக்குள்ள அடங்கின சின்ன சாமான் ஆயிடும். பேர் சொன்ன உடனே அது அவர் இல்ல."

சித்தி கரண்டியோடு நின்றாள். "அப்ப நாப்பத்தொண்ணும் தப்பா?"

"தப்புன்னு இல்ல. எதுவும் பத்தாது."

"பேர் தப்பா இருந்தா போய்ச் சேராதேடி."

சித்தப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். எதையும் மனசில் போட்டுக்கொள்ளாதவர். "விடு. இத்தனை வருஷமா ராங் நம்பர். அவங்களும் மரியாதைக்குக் கட் பண்ணாம கேட்டிருக்காங்க" என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம். சித்தி சிரிக்கவில்லை. மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிட்டாளாம்.

பத்து நாள் கழித்து, சித்தப்பாவின் பின்கழுத்தில் வெகுநாளாக இருந்த கட்டி திடீரென்று பெருத்தது. பெரிய டாக்டர் விரலால் உருட்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் என்னன்னு சொல்ல முடியும்." சித்திக்கு அந்த வாக்கியம் பழக்கம். அதற்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டுகள் என்னென்ன சொல்லும் என்பதும் பழக்கம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"வாயத் திறந்தா பேர் வருது. பேர் வந்ததும் நீ சொன்னது வருது. நிறுத்திடறேன். வேண்ட வேண்டிய நேரத்துல போய் இப்படி ஆச்சே. என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு உன் புத்தகத்துல போட்டிருந்ததா?"

"மௌனமா இருக்கலாம்னு போட்டிருந்தது."

"மௌனமா இருந்தா யாருக்குடி கேக்கும்? உங்க சித்தப்பாவுக்கே நான் கத்தினாத்தான் கேக்குது."

தேர்வில் இதே கேள்விக்கு ஆறு பக்கம் எழுதியிருந்தேன்.

ஆபரேஷன் அன்று சித்தி லீவு போடவில்லை. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். பதினொன்றரைக்குப் பயிற்சி டாக்டர் ஒருத்தி சின்ன டப்பாவோடு ஓடிவந்தாள். உள்ளே மருந்துத் தண்ணீரில் ஏதோ வெளுப்பாக மிதந்தது. சித்தி வழக்கம்போல் தூக்கிப் பார்த்தாள். லேபிள் இல்லை.

"அக்கா, உங்க வீட்டுக்காரரோடதுதான். நீங்களே எழுதி ஒட்டிக்குங்க."

"மாட்டேன்."

"உங்களுக்கே தெரியாதா அக்கா?"

"எனக்குத் தெரியும் டாக்டரம்மா. டப்பாவுக்குத் தெரியாதே. இன்னைக்கு மேல எத்தனை பேருக்குக் கட்டி எடுத்தீங்க?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "மூணு."

"எடுத்தவர் வந்து பாத்துக் கையெழுத்துப் போடட்டும். இல்லாட்டி முத்திரைதான்."

முத்திரை விழுந்தால் அவ்வளவுதான். கட்டி முழுதும் டப்பாவில். திரும்ப எடுக்கக் கழுத்தில் மிச்சமில்லை. ஆனாலும் சித்தி டப்பாவை உள்ளே விடவில்லை. கால் மணி நேரத்தில் பெரிய டாக்டரே தலையில் தொப்பியோடு, வாய்க்குள் திட்டிக்கொண்டு இறங்கி வந்தார். பார்த்தார், லேபிள் எழுதி ஒட்டினார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

டப்பாவோடு வந்த படிவத்தை நான் எட்டிப் பார்த்தேன். பெறுநர் என்ற இடத்தில் 'எக்ஸ்ரே பிரிவு' என்று இருந்தது. "சித்தி, லேப் பேரே தப்பு."

"அத யாருடி பாக்கறா? இத்தனை வருஷத்துல எங்க பேர ஒருத்தரும் ஒழுங்கா எழுதினதில்ல. பாதிப் பேர் எழுதறதே இல்ல. யாரோடதுன்னு தெரிஞ்சாப் போதும், மிச்சத்த நாங்க..."

பேச்சு பாதியில் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது.

சாயங்காலம் வார்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, சித்தப்பாவின் பெயரை அவர் அப்பா பெயரோடு சேர்த்துக் கணீரென்று சொன்னாள். அவள் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "வயசு அம்பத்தி நாலு. ஆண். ரெண்டாம் மாடி, படுக்கை பதினேழு. கழுத்துக் கட்டி. அவசரம்."

"யாருக்கு சித்தி இது? பேரே சொல்லலையே."

"வாங்கிக்கறவருக்குத் தன் பேர் தெரியாதா? நான் வேற சொல்லணுமா?"

"அம்பத்தி ஏழு" என்றார் சித்தப்பா, கழுத்தைத் திருப்ப முடியாமல் மேலே ஓடும் மின்விசிறியிடம்.

"என்னது?"

"வயசு. கல்யாணத்துக்கு முன்னாடி மூணு கொறச்சுச் சொன்னோம்."

"இருபத்தாறு வருஷமாவா?"

"நீ கேக்கல."

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். கையில் முத்திரை இருந்திருந்தால் சித்தி சித்தப்பாவின் நெற்றியிலேயே குத்தியிருப்பாள். "தப்பு வயசோட போயிருந்தா வேற எவனுக்கோ குணமாயிருக்கும்!" கீழே போய் ரிஜிஸ்டரில் திருத்திவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்து, முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.

ரிப்போர்ட் வருவதற்குள் சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஊர் உலகத்துக்கெல்லாம் ரிப்போர்ட் நீட்டுகிறவள், இந்த ஒரு கவரை மட்டும் ஒட்டியபடியே கொண்டுவந்து என் மடியில் போட்டாள். பிரித்து வாசித்தேன். வெறும் கொழுப்புக் கட்டி.

"கொழுப்புன்னு கல்யாணமான மறுநாளே எங்க மாமியார் சொன்னாங்க. டெஸ்டே எடுக்காம" என்றார் சித்தப்பா.

சித்தி சுவரில் சாய்ந்து அழுது, முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். என் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்க வேண்டறதுக்கு முன்னாடியே அது கொழுப்புதானே சித்தி."

"தெரியாதா எனக்கு? டப்பாவுல வந்தது வந்ததுதான்." ரிப்போர்ட்டை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். "ஆனா நன்றி சொல்லணும்ல. கேக்கறப்ப நம்ம பேரு போதும்னு இருந்தது. நன்றி சொல்றப்ப எதிர்ல இருக்கறவரக் கூப்பிடாம எப்படிடி?"

சித்தி கண்ணை மூடினாள். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கடைசியில் மெதுவாக, "ஏங்க" என்றாள்.

கட்டிலிலிருந்து சித்தப்பா, "என்ன?" என்றார்.

"உங்கள இல்ல."