போன வருஷத்துக் காயும் ஐம்பது கோடி வருஷத்துக் கல்லும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அப்பாவிடம் ஏலக்காய் வாங்கியவர்கள். மற்றவர்கள் அப்பாவிடம் வாதாடியவர்கள். இரண்டையும் விடாமல் செய்தவர் பெரியப்பா. அப்பா கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறைகிற இந்நாளில், மகளாக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அப்பா கோம்பையில் பிறந்தார். தாத்தா சீக்கிரமே இறந்துவிட, அண்ணனான பெரியப்பாதான் அவரை வளர்த்தார். படிப்பைப் பாதியில் விட்டுப் போடிக்கு வந்து, ஏலக்காய்க் கடையில் மூட்டை சுமந்து, காய் பொறுக்கி, பிறகு சொந்தக் கடை வைத்தார். அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. போன வருஷத்துக் காயை இந்த வருஷத்துக் காய் என்று விற்கக் கூடாது. ஒரு காயை உடைத்து முகர்ந்தாலே வயதைச் சொல்லிவிடுவார். வாங்க வந்தவர் கேட்காவிட்டாலும் சொல்லுவார். அதனால் வியாபாரம் கெட்ட நாட்களில் அம்மா பேசியதை இங்கே அச்சிட முடியாது.

பூமியின் வயது விஷயத்தில் மட்டும் அப்பா முகர்ந்து பார்த்ததில்லை. ஆதாம் தொடங்கி வேதத்தில் வரும் முற்பிதாக்களின் வயதையெல்லாம் மனக்கணக்காகக் கூட்டி, ஆறாயிரம் வருஷம் என்று ஞாயிறு பள்ளியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கணக்கைச் சரிபார்த்தவர் பெரியப்பா. நான் மதுரைக்குப் போய் நிலவியல் படிக்கும் வரை அதை யாரும் எதிர்க்கவில்லை.

முதல் வருஷம் மாணவர்களைப் பாறை பார்க்கப் போடிமெட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே எடுத்த கல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, நம் மலைப் பாறைக்கு ஐம்பது கோடி வயதுக்குக் குறையாது என்றேன். அப்படியானால் வேதம் பொய்யா என்று அப்பா கேட்டார். கல், கர்த்தர், இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார் பெரியப்பா. எனக்குக் கர்த்தரை விட மனமில்லை. தெரிந்தே பொய் சொல்லி அவர் முன் நிற்கவும் மனமில்லை. அப்பாவின் முன்கோபம் எனக்கும் உண்டு என்பதால் ஆலயத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

விடுதிக்கு அம்மா போன் செய்தார். "உங்கப்பா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்காக. மக கைய விட்டுப் போயிருவாளோன்னு பயந்துட்டாக."

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகையன்று வீட்டில் முதலில் விளைந்ததைக் காணிக்கையாகப் படைப்பது வழக்கம். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். ஏலம் விடுவது அப்பா. அந்த வருஷம் நான் ஆராதனைக்கு வரவில்லை, பிரியாணிக்கு வந்தேன். வாழைத்தாரையும் சேவலையும் விற்று முடித்த அப்பா, அடுத்த கூடையில் கையை விட்டுத் தூக்கியது என் கல்லை.

வேலை அம்மாவுடையது. பிறகு கேட்டதற்கு, "ஒம் படிப்புல மொதமொத வெளஞ்சது அதானத்தா? வேற என்னத்தப் படைக்க?" என்றார்.

அப்பா எதையும் வயது சொல்லாமல் ஏலம் விடமாட்டார். சேவல் கிழடு என்றால் அதையும் சொல்லித்தான் விற்பார். இது தெரிந்த பெரியப்பா, சரக்கின் வயதைச் சொல் தம்பி என்று முன்வரிசையிலிருந்து கேட்டார். சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா ஆறாயிரம் என்று சொல்லியிருந்தால் பந்தியில் உட்காராமலே பஸ் ஏறியிருப்பேன். மறுபடி அந்த வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

அப்பா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் முகர்ந்தும் பார்த்தார். பிறகு பந்தலோரம் நின்ற என்னிடம் அதன் வயதைக் கேட்டார். சொன்னேன்.

"அம்பது கோடி வருஷத்துப் பழசு," என்று ஏலக் குரலிலேயே அறிவித்தார்.

"அப்ப வேதம் என்னடா ஆச்சு?" என்றார் பெரியப்பா.

"யாரு தோட்டத்துச் சரக்குன்னு வேதத்துல இருக்குண்ணே. எத்தன வருஷத்துச் சரக்குன்னு சரக்கத்தான் கேக்கணும். பழசப் புதுசுன்னு சொல்லி ஆண்டவர் சரக்க நான் விக்க மாட்டேன்."

போதகர் ஐயா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியப்பா அந்தக் கல்லை ஆற்றில் எறிவதற்காகவே ஏலம் கேட்டார். தன் காணிக்கை மலிவாகப் போய்விடக் கூடாதென்று அம்மா எதிர்த்துக் கேட்டார். கடைசியில் பெரியப்பாவே எடுத்தார். விலை கொடுத்த பொருளை ஆற்றில் போட அவருக்கும் மனம் வரவில்லை. இன்றும் அவர் வீட்டுக் கதவைக் காற்றில் அடிக்காமல் தடுத்து நிற்பது அதுதான்.

அடுத்த ஞாயிறு நான் ஆலயத்துக்குப் போனேன். அண்ணன் தம்பி வாதம் மட்டும் ஓயவே இல்லை.

கடைசி நாட்களில் மூச்சுக்குத் திணறியபோதும், மருந்து எப்போது தயாரித்தது என்று செவிலியரைக் கேட்டுவிட்டுத்தான் அப்பா வாயைத் திறந்தார். என்னிடம் கேட்டது வேறு. "கல்லு கெடக்கட்டும். நீ ஜெபிக்கிறியாத்தா?" ஜெபிக்கிறேன் அப்பா என்றேன். அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எழுத வரவில்லை.

அப்பாவைக் கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள், போதகர் ஐயா, கடையை மூடாமல் பார்த்துக்கொண்ட தொழிலாளர்கள், அடக்கத்தன்று ஊர் ஊராக வந்து நின்ற நீங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அடக்கத்தன்று அவர் பிடி மண்ணை அள்ளினார். மண்ணைப் போடாமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "எங் கணக்குல ஆறாயிரந்தான் ஆத்தா. இவன் அம்பது கோடிங்கிறான். மேல போயி ஆண்டவர்ட்டயே கேட்டு வைக்கட்டும். உயிர்த்தெழுந்து வரயில அவனே எனக்குச் சொல்லட்டும்."

ஆமென் என்றேன்.