ஹோஸ்டைல் சாட்சி

எழுபதுகளின் கடைசியில் கழுகுமலைப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை பார்த்தேன். ஒருநாள் மருந்தில் தீப்பிடித்தது. கதவை வெளியே பூட்டியிருந்ததால் உடனே தப்ப முடியவில்லை. என்னோடு வேலை பார்த்த செல்லத்தாயின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

கேஸ் கோவில்பட்டிக் கோர்ட்டுக்கு வந்தது. முதலாளி தன் தரப்புச் சாட்சியாக என்னைக் கூட்டிப்போனார்.

"கதவு தெறந்துதான் கெடந்துச்சுன்னு சொல்லு, போதும்" என்றார் அவருடைய வக்கீல். நானும் தலையாட்டினேன்.

கூண்டில் ஏறிப் பார்த்தால் எதிரே செல்லத்தாய். சரிந்த முந்தானையை எடுத்துவிடக்கூட அவளுக்கு அம்மாவின் கை வேண்டியிருந்தது.

"கதவு வெளிய பூட்டிக் கெடந்துச்சு ஐயா. நாங்க எல்லாரும் தட்டினோம்" என்றேன்.

வக்கீல் என்னைக் கைகாட்டி நீதிபதியிடம் இங்கிலீஷில் பொரிந்தார். ஹோஸ்டைல் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

"அவிய என்னமோ சொல்லுதாவளே, அதுக்கு என்ன அர்த்தம் ஐயா?" என்று நீதிபதியிடமே கேட்டேன்.

"கூட்டிட்டு வந்தவங்களுக்கே எதிராப் பேசுற சாட்சின்னு அர்த்தம்மா."

"அப்பம் சரிதான் ஐயா. அப்படியே எழுதிக்கிடுங்க."

மறுநாள் ஆபீஸ் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். பருத்தி எடுத்துப் பிழைத்தேன். ஊரில் இன்றைக்கும் என்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள்.

"கோர்ட்டுல அதுக்கு வேற பேரு" என்பேன்.