ஜீப் வந்த அன்று ஜெயமலர் சொன்ன பொய்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் ஜெயமலரின் வீட்டுக்காரர் கஜேந்திரனுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கொழும்பில் லொறி ஏறிவிட்டது என்றுதான் வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அவர் அரசாங்கப் பட்டாளத்தில் இருந்தவர். கண்ணிவெடியில் போன கால் அது. வன்னியில் குடியேறிய அவள் அக்காவோ, சண்டையில் அதே பட்டாளம் அடித்த ஷெல் விழுந்து பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள். இது அக்கா காதுக்குப் போகக் கூடாது தாயே என்று மாரியம்மனிடம் அழுதழுதே மறைத்தாள் ஜெயமலர்.

இப்போது மாகாண சபை, பட்டாளத்தை விட்டு வந்தவர்களுக்கென்றே பதுளையில் ஒரு திணைக்களம் திறந்திருந்தது.

"இந்தக் கட்டைக்கால் புண்ணாக்குது மலரு. புதுக்கால் தருவாங்களாம், பேர் குடுத்திருக்கேன்" என்றார் கஜேந்திரன். அவளும் தலையாட்டினாள். பதுளைக்குக் கூப்பிடுவார்கள் என்றிருந்தாள். லயத்துக்கே ஜீப் வரும் என்று யார் கண்டது?

சனமெல்லாம் வேலை முடிந்து வாசலில் நின்ற நேரம். திணைக்களத்து அதிகாரி ஜெயரட்ணம் இறங்கி வந்தார்.

"அம்மா, ஆமியில இருந்த கஜேந்திரன்ட வீடு இதுதானோ?"

யாழ்ப்பாணப் பேச்சு, அக்கா இருக்கும் வடக்குப் பக்கத்தது. சிங்களத்தில் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பாளோ என்னவோ. அக்காவே வந்து கேட்டது போல இருந்தது அவளுக்கு.

"இங்க ஆமியில யாரும் இல்லீங்க ஐயா."

கஜேந்திரன் நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தார். அதிகாரி அவர் காலைப் பார்த்தார். "அப்ப நீங்கள்?"

"நான் லொறியில அடிபட்டவனுங்க" என்றார் அவர், பெண்சாதி முகத்தைப் பார்க்காமல்.

"சரி, நாங்கள் வாறம்" என்று ஜெயரட்ணம் திரும்பிவிட்டார்.

ஜீப் புறப்பட்டதும் பக்கத்து வீட்டுக் கேசினி கிட்டே வந்தாள். "ஏங்க்கா, அண்ணன் தூக்கத்துல 'வம, தகுண'ன்னு சிங்களத்துல லெப்ட் ரைட் போட்டுக் கத்துறாரே, லொறிக்காரனா சொல்லிக் குடுத்தான்? நடுவுல ஒரு சுவருதானே! லயத்துக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏண்டி கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம்."

ஜெயமலருக்கு உடம்பே கூசியது. யாருக்கு ஒளித்தாள் இத்தனை காலமும்? எல்லாரும் அறிந்த மனிதரை, அத்தனை பேர் முன்னால், அவர் வாயாலேயே இல்லையென்று சொல்ல வைத்துவிட்டாளே!

உள்ளே கஜேந்திரன் கட்டைக்காலின் வாரை அவிழ்த்துப் புண்ணுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "விடு மலரு, இதுவே பழகிப் போச்சு" என்றார். ஏசியிருந்தாலாவது தாங்கியிருப்பாள்.

தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் விழுந்தடித்து ஓடி, கீழ் வளைவில் ஜீப்பை மறித்தாள்.

"அவரு பட்டாளத்துக்காரருதாங்க ஐயா. லொறிக் கதை என்னோடது. எனக்காகத்தான் அவரு அப்படிச் சொன்னாரு."

ஜெயரட்ணம் ஜீப் கதவைத் திறந்தார். "ஏறுங்கோ அம்மா, போவம்."

"நீங்க முன்னால போங்க ஐயா, பொய் சொன்னவ நடந்தே வர்றேன்" என்றாள்.

ஜீப் திரும்பி மேலே ஏறியது. அது கிளப்பிய தூசிக்குள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அவள் பின்னால் நடந்து வந்தாள்.