இருபத்து மூன்றாவது கட்டு

அந்தக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் அவரைக் 'கட்டு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். வரும் விண்ணப்பங்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, ஐம்பது ஐம்பதாகக் கட்டி எண் போடுவது இருபத்தெட்டு வருடமாக அவர் வேலை. இந்த ஆண்டு அறுபது இடத்துக்கு ஆயிரத்து இருநூறு விண்ணப்பம். இருபத்து நான்கு கட்டு.

இந்த ஆண்டு புது உத்தரவும் வந்தது. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை ஆசிரியர்கள் பார்க்கக் கூடாது. விண்ணப்பத்தோடு மாணவர் எழுதி அனுப்பும் கட்டுரையைப் படித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டியவர் கட்டு சார்தான். கழுத்து பிடித்துக்கொண்டது.

தங்கை போன் செய்தாள். "அண்ணா, மார்க்கை மறைச்சிட்டாங்களாமே? அப்ப நம்ம பொண்ணுக்கு வழி இருக்குல்ல?"

"இருக்கும்மா. ஆனா என்னை எதுவும் கேக்காதே."

"உன்னைக் கேட்டு என்ன ஆகப்போகுது? நீ கடிகாரத்துக்கே மணி சொல்ற ஆளாச்சே!"

பட்டியல் தயாரானதும், யார் எந்தக் கட்டிலிருந்து தேர்வானார்கள் என்று வழக்கம்போலக் கணக்கெடுத்தார். முதல் எட்டுக் கட்டில் ஐம்பத்திரண்டு பேர். அடுத்த எட்டில் ஏழு. கடைசி எட்டில் ஒன்று. மறுபடி எண்ணினார். மாறவில்லை.

தாளை ஒட்டி மதிப்பெண்ணை மறைத்தவர், பழக்க தோஷத்தில் அதே மதிப்பெண் வரிசையில்தான் அடுக்கியிருந்தார். ஆசிரியர்கள் முதல் கட்டிலிருந்து தொடங்கினார்கள். இருபதாவது கட்டைத் தொடும்போது கண்ணும் சோர்ந்துவிட்டது, பட்டியலும் நிரம்பிவிட்டது. படித்த கட்டுரையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுவார்கள். கடைசிக் கட்டுகளில் பெரும்பாலும் கோடே இல்லை. இருபத்து மூன்றாவது கட்டிலிருந்த தங்கை மகளின் கட்டுரையிலும் இல்லை.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சேர்க்கைக் குழுத் தலைவியிடம் போனார்.

தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதை நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே சார்."

"எனக்குத் தெரியுமே, மேடம்."

"உங்க தங்கச்சி பொண்ணு கடைசியில இருக்கா. அவளுக்காகத்தான் கிளப்புறீங்கன்னு பேசுவாங்க."

"அவ விண்ணப்பம் போட்டதை முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கேன். பேசட்டும். தப்பு என் கையோடது."

தலைவி பெருமூச்சு விட்டார். "சரி. தேர்வு முடியற வரைக்கும் ஒரு தாளைக்கூட நீங்க தொடக் கூடாது."

தலைவியும் தட்டச்சுக்கார அம்மாவும் கட்டுகளைப் பிரித்துக் கலைத்துப்போட்டார்கள். "பாத்துக்கங்க சார், இருபத்தெட்டு வருஷ அடுக்கு!" என்றாள் அந்த அம்மா. அவர் சிரிக்கவில்லை. வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆசிரியர்கள் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் இன்னொரு முறை படித்தார்கள். ஒன்பது நாள் பிடித்தது. புதுப் பட்டியலைப் பழைய கட்டு எண்படி பார்த்தால் முதல் எட்டுக் கட்டுக்கு இருபத்தொன்பது, நடு எட்டுக்குப் பதினேழு, கடைசி எட்டுக்குப் பதினான்கு. அந்தப் பதினான்கில் தங்கை மகள் இல்லை.

சாயங்காலம் தங்கை போனில் அழுதாள். "மார்க்கை மறைச்சும் கிடைக்கலையா அண்ணா? படிச்சாவது பாத்தாங்களா?"

தேர்வாகாத கட்டுரைகள் அன்று மதியம்தான் அவர் மேசைக்குத் திரும்பியிருந்தன. அவளுடையதை எடுத்துப் பார்த்திருந்தார்.

"படிச்சாங்கம்மா," என்றார். "ரெண்டாம் பக்கத்துல ஓரமா மூணு கோடு போட்டிருக்காங்க."

அவர் போனைக் காதில் வைத்தபடியே கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்.