படகு கரையில்தான் கிடந்தது

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. புனே அருகே தேஹு ரோடு ரயில் நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். மாரடைப்பு என்று ஒரு வரி. அதன் கீழே, "நேர்மையின் வழிகாட்டியை இழந்தோம்" என்று மேலாளர் எழுதியிருந்தார். அக்காவை வேலையை விட்டு அனுப்பிய அதே மேலாளர். கோர்படி கல்லறைத் தோட்டத்துக்கு வந்த நீங்கள் பலரும் அதைப் படித்திருப்பீர்கள். வரி உண்மைதான். எழுதிய கைக்குத்தான் தகுதி கிடையாது.

எங்கள் நிறுவனம் மீன் ஏற்றுமதியாளர்களுக்கு மென்பொருள் செய்கிறது. எந்தப் படகு, கடலில் எந்த இடம், என்ன வலை என்பதெல்லாம் அதில் பதிவாகும். பெட்டியில் ஒட்டிய கியூஆர் குறியை வெளிநாட்டில் ஸ்கேன் செய்தால் மீன் வந்த வழி தெரியும். திருட்டு மீன் விலைபோகக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பதிவுகளைச் சரிபார்ப்பது அக்காவின் பொறுப்பு. தூத்துக்குடிக் குடும்பம், ரயில்வே காலனியில் வளர்ந்தவர். "மீன் நாறுனா ஊருக்கே தெரியும் மலரு. பதிவு நாறுனா நாமதான் மோந்து பாக்கணும்" என்பார்.

மழைக்கால மீன்பிடித் தடையின்போது எஞ்சின் இல்லாத சிறு படகுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படிப்பட்ட ஒரு கொங்கண் கடற்கரைப் படகின் பெயரில் டன் கணக்கில் இறால் பதிவானது. அக்கா படகுக்காரரைப் போனில் பிடித்தார். "மேடம், ஹோடி தர் கினார்யாவர் ஆஹே", படகு கரையில்தானே இருக்கிறது என்று மராத்தியில் சொன்னார் அவர். படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. தடையை மீறிய விசைப்படகு பிடித்ததை யாரோ அவர் பெயரில் ஏற்றியிருந்தார்கள்.

அக்கா சரக்கை நிறுத்தினார். மேலாளர் வந்து, கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொன்னார். "ஸ்டெல்லா ஜி, தோடா அட்ஜஸ்ட் கரோ." அக்கா மறுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கடல்ல திருடுனவனுக்கு நாம ரசீது அடிச்சுக் குடுக்கணுமாம்" என்றார்.

அன்றே அவருடைய கணினி அனுமதிகளைப் பறித்தார்கள். சரக்கு கப்பலேறியது. அக்கா, வெளிநாட்டில் அதை வாங்குபவருக்கும் மீன்வள அதிகாரிகளுக்கும் எழுதினார். சரக்கு திரும்பி வந்தது. உடனே சரிபார்ப்பில் கவனக்குறைவு என்று அக்காவையே வேலைநீக்கம் செய்தார்கள். அதிகாரிகளோ, பதிவில் பெயர் இருந்த அந்த ஏழைப் படகின் உரிமத்தை நிறுத்தினார்கள். விசைப்படகை யாரும் தேடவில்லை. இதைவிட மானங்கெட்ட விசாரணையை நான் கண்டதில்லை.

அக்கா ரஞ்சன்காவ் தொழிற்சாலை ஒன்றில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அரசு எஸ்டி பஸ்ஸில் மலையிறங்கி அந்தப் படகுக்காரரின் கரைக்குப் போனார். நெஞ்சு வலியோடும் போனார்.

"உங்களுக்கு எதுக்குக்கா இந்த அலைச்சல்?" என்று கேட்டேன்.

"அவர் பேரை என் ஸ்கிரீன்லதான அழுக்காக்குனாங்க. நாந்தான் தொடைக்கணும்."

படகு கரையில் கிடந்ததைப் பார்த்த அக்கம்பக்கத்தாரை அதிகாரிகளிடம் அழைத்துப்போய்ச் சாட்சி சொல்ல வைத்தார். உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்தப் படகுக்காரர் அடக்கத்துக்கு வந்து, சவப்பெட்டி அருகே நின்றார். மேலாளர் அனுப்பிய மாலையை அக்காவின் தங்கை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

காலம் ஆற்றும் என்கிறார்கள். எனக்கு ஆற வேண்டாம். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. குரல் உயராத, வேலையை விடாத கோபம் அது. அவர் பார்த்த வேலையை இப்போது நான் பார்க்கிறேன். சென்ற வாரம், எங்கே பிடித்தது என்ற குறிப்பே இல்லாத ஒரு சரக்குக்கு ஒப்புதல் கேட்டார்கள். முடியாது என்றேன். அது இன்னும் கிடங்கிலேயே இருக்கிறது.