வித்தியாசம் இல்லை என்று அவர் எழுதவில்லை

டாக்டரம்மா பேசிய தமிழைக் கேட்டு முதல் நாள் நாங்கள் சிரித்துவிட்டோம். சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பாதி நனைந்த புடவையோடு ஜீப்பிலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரி வராந்தாவில் குடையை மடக்கியபடி, "செத்த வெந்நீர் கிட்டுமோ? தொண்டை கட்டிண்டிருக்கு" என்று கேட்டார். நர்சும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பாலக்காட்டில் பழைய கோயில் தெரு ஒன்றில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. எங்கள் தமிழோ கம்பம், தேனிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தது. இரண்டிலும் மலையாளம் கலந்திருந்தது, ஆனால் வேறு வேறு இடத்தில். நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதனாலோ என்னவோ, அன்று முதல் மதியச் சோறு என் லேப் மேசையில்தான் என்று ஆயிற்று.

வண்டன்மேட்டுக்கு அருகே ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. ரத்தம், சிறுநீர், சளி என்று வருவதையெல்லாம் பரிசோதிக்கிற வேலை என்னுடையது. அதற்கான படிப்பைப் படிக்க வைத்தவன் என் அண்ணன். அப்பா போன பிறகு, ஏலச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கும் வேலையில் சேர்ந்தான். மற்ற வேலையைவிட அதில் கூலி கூடுதல். ஆண்கள் குழாயைப் பிடித்து அடிப்பார்கள், பெண்கள் பின்னால் நின்று நீளமான ஹோஸை இழுத்துக் கொடுப்பார்கள். நிழல்மரங்களுக்குக் கீழே ஆளுயரச் செடிகள். அடிக்கிற மருந்து காற்றில் போகாமல் அங்கேயே மூடுபனி மாதிரி நிற்கும். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவான். அப்படியும் அந்த நாற்றம் போகாது. நான் சொல்கிற காலத்தில் அவனுக்குத் தலைவலியும் கண்ணெரிச்சலும் இருந்தன. டீ கிளாஸைப் பிடித்தால் விரல்கள் லேசாக நடுங்கின. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுப் புத்தகத்தை அண்ணி பிடித்துக்கொள்வாள். அவன் அதைப் பார்த்துப் பாடுவான்.

இந்தத் தலைவலியும் நடுக்கமும் அவனுக்கு மட்டும் இல்லை என்பதை டாக்டரம்மா வந்த சில மாதங்களிலேயே கண்டுகொண்டார். நரம்பு சரியாக வேலை செய்யத் தேவையான நொதி ஒன்று ரத்தத்தில் இருக்கிறது. அந்தப் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் அது குறையும். கொச்சியிலிருந்து அதற்கான ரசாயனங்களை அவரே வரவழைத்தார். மருந்தடிப்பவர்களில் ஒரு ஜீப்பில் ஏறக்கூடிய அளவு ஆட்கள், ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் ஸ்டோரில் வேலை செய்பவர்களில் அதே அளவு ஆட்கள். இரண்டு கூட்டத்தின் ரத்தத்தையும் ஒப்பிடுவது என்று முடிவாயிற்று. தோட்டத்து மானேஜர் தடை சொல்லவில்லை. தொழிற்சங்கத் தலைவருக்கோ ரொம்ப சந்தோஷம். விடை என்ன வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எண்களை எடுத்தது நான்தான். மருந்தடிக்கிறவர்களின் சராசரி குறைவாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டோர் ஆட்களிலும் சிலருக்கு மிகக் குறைவு. அதிலும் காய் பொறுக்கும் ஓர் அம்மாவுக்கு, எந்த மருந்தடிக்காரரையும்விடக் கீழே. என் அண்ணனின் எண்ணோ ஸ்டோர் ஆட்களுக்கு நடுவில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. நம்ப முடியாமல் அவன் ரத்தத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதே எண்தான். டாக்டரம்மா ஒரு சாயங்காலம் முழுக்க என் மேசையிலேயே கணக்குப் போட்டார். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஒண்ணும் உறப்பாச் சொல்ல முடியலை" என்றார்.

சங்கத் தலைவரும் அண்ணனும் விவரம் கேட்க வந்தபோது, அவர் அவர்களை ஸ்டோருக்கே கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். உலர்ந்த காய் நிரம்பிய ஒரு சாக்கில் கைவிட்டு, ஒரு பிடி அள்ளி ஒரு தட்டில் போட்டார். அதே சாக்கிலிருந்து இன்னொரு பிடி, இன்னொரு தட்டில். இரண்டிலும் குண்டுக் காய் எத்தனை என்று அண்ணனை எண்ணச் சொன்னார். ஒன்றில் கூடுதல், ஒன்றில் குறைவு.

"இது ஒரு தோட்டத்துக் காய், அது வேற தோட்டத்துக் காய்னு சொன்னா நம்புவேளா?"

"ஒரே சாக்குதானம்மா" என்றார் தலைவர்.

"ஒரே சாக்குதான். அப்படியும் எண்ணிக்கை வேற வேற. அதனால முதல்ல, ரெண்டு கூட்டமும் ஒரே சாக்குன்னு நெனச்சுக்கணும். அப்படி இருந்தாலும் வெறுதே, தற்செயலா, இவ்வளவு வித்தியாசம் வருமான்னு பார்க்கணும். வராதுன்னு ஆனாத்தான், இது வேற அது வேறன்னு சொல்லலாம். இப்போ கெடச்ச வித்தியாசம், ஒரே சாக்கிலேர்ந்து அள்ளினாலும் வரக்கூடியதாக்கும்."

தலைவர் இரண்டு தட்டுக் காய்களையும் சாக்கிலேயே திரும்பக் கொட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் காய் பொறுக்குற பொம்பள ஒருத்திதான கணக்கக் கெடுக்குது? அத மட்டும் விட்டுட்டா?" என்றார்.

"விட்டா நாம நெனச்சது வந்துடும்" என்றார் டாக்டரம்மா. "நானும் போட்டுப் பார்த்தேன். ஆனா செய்யப்படாது. இன்னிக்கு நாம நமக்கு வேண்டாத ஆளைக் களைஞ்சா, நாளைக்குத் தோட்டத்துக்காரா அவாளுக்கு வேண்டாத ஆளைக் களைவா. அப்போ நாம எந்த வாயால கேக்கறது?"

போட்டுப் பார்த்தேன் என்று அவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி. அவருக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது என்பது, ஏனோ, அவரை எனக்கு இன்னும் நெருக்கமாக்கியது. அண்ணனுக்கு அப்படியில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினான். "ஒங்க டாக்டரம்மாவுக்குத் தெரியலையாம். ஏங் கையிக்குத் தெரியுது."

மானேஜருக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த முடிவு நாலைந்து வரிதான் இருக்கும். அடுத்த வாரம் அது தோட்டத்து ஆபீஸ் வாசலில் தமிழிலும் மலையாளத்திலும் வேறு வடிவம் எடுத்திருந்தது. மருந்தடிப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உடலில் எந்த வித்தியாசமும் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்திருக்கிறது, ஆகவே வதந்திகளை நம்ப வேண்டாம் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சொன்னதும், டாக்டரம்மா கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு அப்படியே கிளம்பிவிட்டார். மானேஜர் கெட்டவர் இல்லை. எழுந்து நின்று நாற்காலி காட்டினார்.

"டாக்டர் எழுதித் தந்ததுதானே? நான் சுருக்கிப் போட்டேன், அவ்வளவே."

"வித்தியாசம் இருக்குன்னு காட்ட முடியலைன்னு நான் எழுதினேன். வித்தியாசம் இல்லைன்னு எழுதலை."

"ரெண்டும் ஒண்ணல்லே?"

"ஒண்ணில்லை சார். தேடினது கெடைக்கலைன்னா அது இல்லைன்னு ஆயிடுமா? நான் எடுத்த ஆட்கள் கொஞ்சம். ஒருத்தருக்கு ஒருத்தர் பொறவியிலேயே அளவு ஏறியும் எறங்கியும் இருக்கு. என்னோட சோதனைதான் போறலை."

காகிதத்தை மாற்றுவது பற்றி யோசிக்கலாம் என்றார் மானேஜர். டாக்டரம்மா யோசிக்க விடவில்லை. மறுநாள் விடிந்ததும் வேலை பிரித்துக் கொடுக்கும் மஸ்டர் களத்துக்கு வந்து நின்றார். கம்பம்மெட்டு வழியாக மலையேறி வந்த ஜீப்புகளிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியாத மூடுபனி. எல்லாரும் சேர்ந்ததும், தன் பாலக்காட்டுத் தமிழில், அந்தக் காகிதத்தில் இருப்பது தன் முடிவு இல்லை என்று சொன்னார். உறுதியாகத் தெரிகிறவரைக்கும் முகத்தில் துணி கட்டாமல் அடிக்கப்படாது, நனைந்த சட்டையோடு சோறு தின்னப்படாது, தலை சுற்றினால் வேலையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரணும் என்றார். பின்வரிசையில் நின்ற சிலர் அவர் பேச்சைக் கேட்டுச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஹோஸ் இழுக்கும் அக்கா ஒருத்தி மட்டும் முன்னால் வந்து நின்றாள்.

"ஒடம்புல வெசம் ஏறியிருக்கா, ஏறலையா? அத மட்டும் சொல்லுங்கம்மா."

"தெரியலை."

"தெரியலைன்னு சொல்றதுக்கா இம்புட்டுப் படிச்சீக?"

களமே சிரித்தது. டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. ஆனால் குரல் மாறவில்லை. "ஆமாம். தெரியாததைத் தெரியும்னு சொல்லப்படாதுன்னுதான் படிச்சேன். எனக்கு இன்னொரு தடவை ரத்தம் தாங்கோ. இந்தத் தடவை வேற மாதிரிக் கேக்கறேன்."

அந்த வேறு மாதிரி என்ன என்று எனக்கு லேப் மேசையில்தான் விளங்கியது. ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டபோது, மனிதருக்கு மனிதர் இருக்கும் பிறவி வித்தியாசம் நடுவில் புகுந்து மருந்து செய்ததை மறைத்துவிட்டது. இனி ஒவ்வொருவரையும் அவரவரோடுதான் ஒப்பிட வேண்டும். காய் எடுப்பு முடிந்து மருந்தடிப்பு நின்றிருக்கும் பனிக்காலத்தில் ஒரு தடவை. மறுபடி மருந்தடிப்பு மும்முரமாக நடக்கும்போது ஒரு தடவை. ஸ்டோர் ஆட்களுக்கும் இரண்டு தடவை எடுக்க வேண்டும். மழையாலோ காய்ச்சலாலோ என் மெஷினாலோ எண்கள் மாறினால் அவர்களுக்கும் மாறிக் காட்டிக்கொடுக்கும். பிறகு எவ்வளவு மாறியது என்பதை மட்டும் வைத்து இரண்டு கூட்டத்தையும் ஒப்பிடலாம். கேட்கும்போது எளிதாக இருந்தது. செய்து முடிக்க ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது.

ரத்தம் கொடுக்கப் பலர் வரவில்லை. டாக்டரம்மா ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கினார். மஸ்டரில் கேள்வி கேட்ட அக்காதான் முதலில் கையை நீட்டினாள். அண்ணன் எனக்காக வந்தான்; டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தான். பனிக்காலத்து ரத்தத்தில் அவன் எண் முன்பு இருந்ததைவிட மிகவும் ஏறியிருந்தது. முந்தின வருஷம் எல்லாரையும் போலத் தெரிந்த அந்த எண், அவன் அளவுக்குப் பெரிய வீழ்ச்சி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டாக்டரம்மாவிடம் காட்டினேன். "ஒராளை வச்சு ஊருக்குச் சொல்ல முடியாது. ஆனா அவர்கிட்டச் சொல்லலாம். இப்பவே வேலையை மாத்திக்கச் சொல்லு" என்றார். சொன்னேன். கூலி குறையும், பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று சொல்லி அண்ணன் மறுத்துவிட்டான். அடுத்த பருவம் தொடங்கியதும் மறுபடி குழாயைத் தூக்கினான்.

இரண்டாவது தடவை எண்கள் வந்தபோது கணக்குப் போடும் முன்பே எனக்குக் கண்ணில் தெரிந்துவிட்டது. மருந்தடித்தவர்களுக்கும் ஹோஸ் இழுத்தவர்களுக்கும் ஏறக்குறைய எல்லாருக்குமே இறங்கியிருந்தது. அண்ணனுக்கு மிக மோசம். ஸ்டோர் ஆட்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கணக்கைக் கெடுத்ததாகத் தலைவர் சொன்ன காய் பொறுக்கும் அம்மாவுக்கு இரண்டு தடவையும் அதே தாழ்ந்த எண்தான். அவர் உடம்பின் வாகு அது. இருந்தும் டாக்டரம்மா உட்கார்ந்து முழுக்கணக்கையும் போட்டார். ஒரே சாக்கிலிருந்து இப்படி இரண்டு பிடி வரவே வராது என்று ஆன பிறகுதான் பேனாவை மூடினார். மூடிவிட்டு, அழுதார். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

இந்த முறை மானேஜர் அவர் எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஒட்டினார். எண் இறங்கியவர்களை அது பழைய இடத்துக்கு ஏறும்வரை வேறு வேலைக்கு மாற்றுவது, முறை வைத்து மருந்தடிப்பது, குளிக்கத் தண்ணீர்த் தொட்டி கட்டுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. சங்கம் பேசி, மாற்று வேலைக்கும் அதே கூலி வாங்கிக் கொடுத்தது. அண்ணன்தான் முதலில் மாற்றப்பட்டான். விரல் நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. தலைவலி மட்டும் முழுசாகப் போகவில்லை. இன்றும் வந்து போகிறது.

டாக்டரம்மா ஊருக்குத் திரும்பும்போது ஸ்டோர் முற்றத்தில் டீயும் வடையும் வைத்து வழியனுப்பினார்கள். எல்லாரும் புகழ்ந்த பிறகு சங்கத் தலைவர் எழுந்தார். "ஒண்ணு கேக்கணும்மா. கொற நெனைக்காதீக. மொதத் தடவையே கெடுதல் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நடுவுல ஒரு வருசம் மிச்சமாயிருக்குமே?"

டாக்டரம்மா என் அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். "மிச்சமாயிருக்கும்" என்றார். "அந்த ஒரு வருஷம் எனக்கும் மறக்காது. அன்னிக்கு இருந்ததை வச்சுச் சொல்லியிருந்தா அவா அதை ஒரே நாள்ல பொய்னு ஆக்கியிருப்பா. அப்பறம் இதையும் யாரும் நம்பியிருக்க மாட்டா. அப்படித்தான் நான் நெனச்சேன். சரியான்னு இப்பவும் சம்சயம் உண்டு." தலைவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பல வருஷங்கள் ஓடிவிட்டன. டாக்டரம்மா பாலக்காட்டில் இருக்கிறார். எப்போதாவது போனில் பேசுவோம். அவர் செய்தது சரியா என்று நானும் சில சமயம் நினைத்துப் பார்ப்பதுண்டு. அண்ணனுக்குத் தலைவலி வந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கும் நாட்களில் ஒரு பதில் தோன்றும். மற்ற நாட்களில் வேறொன்று.

இப்போது மருந்தடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் வடக்கே தூர மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அண்ணன் அவர்களுக்கு சூப்பர்வைசர். பருவம் தொடங்கும் முன் அவர்களையெல்லாம் என் லேப்புக்குக் கூட்டிவருவது அவன் வேலை. யாரும் சொல்லி அவன் செய்வதில்லை. இந்த வருஷம் வந்தவர்களில் ஒருவர், நாற்பது வயதிருக்கும், ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். தனக்கு ஒரு நோயும் இல்லை, எதற்கு ரத்தம் என்று இந்தியில் கேட்டார். எனக்கு பதில் சொல்லும் அளவுக்கு இந்தி வராது. அண்ணன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தன் சட்டைக் கையைச் சுருட்டி, எனக்கு முன்னால் நீட்டினான். பிறகு தமிழும் இந்தியும் மலையாளமும் கலந்து அவரிடம் சொன்னான்:

"நோய் இல்லல்ல? அதுக்குத்தான். இன்னைக்கு நீ நல்லா இருக்க. நாளைக்கு எவனாச்சும் ஒனக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொன்னா, இதக் காட்டலாம்."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கையை நீட்டினார்.